கண்மாய்க் கரைக்குத் திரும்பும் ஆய்வேடு: இணையப் பக்கமும் வீடியோவும் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் பெரியவர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது அவர் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு என் ஆய்வுக்காக நாலைந்து நாள் அவரோடு கரையிலேயே உட்கார்ந்து பேசியிருக்கிறேன். "ஏம்மா, நோட்டு நோட்டா எழுதிக்கிட்டுப் போனியே, அது என்னாச்சு?" என்றார். புத்தகமாகப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது ஐயா என்றேன். "நாங்க பாக்கலாமா?" என்றார்.

பார்க்கலாம்தான். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2009-இல் கொண்டுவந்த விதிகளுக்குப் பிறகு முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியை ஒப்படைப்பது வழக்கமாகிவிட்டது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா தளத்தில் லட்சக்கணக்கான ஆய்வேடுகளை யாரும் காசில்லாமல் படிக்கலாம். ஆனால் அங்கே போனால் தலைப்புப் பக்கம் ஒரு பிடிஎஃப், சான்றிதழ் ஒரு பிடிஎஃப், இயல் ஒன்று, இயல் இரண்டு என்று தனித்தனியாகக் கிடக்கும். அந்தப் பெரியவரின் பேத்தி கைப்பேசியில் அதைத் திறந்தால் கண்ணில் படுவது நெறியாளரின் சான்றிதழ். தாத்தா சொன்னது எந்தக் கோப்பில், எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று அவள் எப்படித் தேடுவாள்?

அதற்கப்புறம்தான் என் ஆய்வையும் நண்பர்கள் சிலருடைய ஆய்வையும் பக்கங்களாகவும் வீடியோக்களாகவும் மாற்றத் தொடங்கினேன். அதில் கற்றதை முதல்முறை செய்யப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். எடுத்துக்காட்டெல்லாம் ஏரி, கண்மாய் பற்றித்தான் இருக்கும், எனக்குத் தெரிந்தது அது. உங்கள் துறை மொழியியலோ மருந்தியலோ எதுவானாலும் வேலை ஏறக்குறைய இதேதான்.

முதலில் ஒரே ஒரு கேள்வி

முழு ஆய்வேட்டையும் இணையதளமாக்கிவிட வேண்டும் என்று உட்காராதீர்கள். நான் அப்படித்தான் உட்கார்ந்தேன். மூன்று மாதம் கழித்தும் "முகப்பு", "அறிமுகம்" என்ற இரண்டு பக்கங்கள்தான் இருந்தன. ஆய்வேட்டிலிருந்து ஒரு கேள்வியை மட்டும் எடுங்கள். வெளியாள் ஒருவர் தானாகவே கேட்கக்கூடிய கேள்வியாக அது இருக்கட்டும்.

என் மூன்றாம் இயலின் தலைப்பு "பாரம்பரிய நீர் வெளியேற்றக் கட்டமைப்புகளின் தொழில்நுட்பக் கூறுகள்". இதை யாரும் தேடமாட்டார்கள். ஆனால் கோடையில் தண்ணீர் வற்றும்போது கண்மாய்க்குள்ளே இரண்டு கல்தூண் தனியாக நிற்பதை அந்தப் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு. "கண்மாய்க்குள்ளே நிற்கிற அந்த ரெண்டு கல் எதற்கு?" இதுதான் என் முதல் பக்கத்தின் தலைப்பாயிற்று. பதில், குமிழித் தூம்பு: கண்மாய்த் தண்ணீரை அடியிலிருந்து வயலுக்குத் திறந்துவிடும் பழைய கல் அமைப்பு.

கேள்வி கிடைக்கவில்லை என்றால், உங்கள் ஆய்வைப் பற்றி ஆட்டோக்காரரிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ இரண்டு நிமிடம் பேசிப்பாருங்கள். எந்த இடத்தில் அவர்கள் குறுக்கிட்டுக் கேட்கிறார்களோ அங்கேதான் உங்கள் கேள்வி இருக்கிறது.

அனுமதிகள்

இதழில் வந்த கட்டுரை என்றால், நீங்களே எழுதியதாக இருந்தாலும், பதிப்பாளர் வடிவமைத்த பிடிஎஃப்பை அப்படியே உங்கள் தளத்தில் போட உரிமை இல்லாமல் போகலாம். பல பதிப்பாளர்கள் மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட உங்கள் கைப்பிரதியை மட்டும் வெளியிட விடுவார்கள். சிலர் ஆறு மாதமோ ஒரு வருடமோ காத்திருக்கச் சொல்வார்கள். எந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்று பார்க்க ஒரு தளம் இருக்கிறது. நெடுங்காலம் ஷெர்பா ரோமியோ என்று அறியப்பட்டது, இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர். இதழின் பெயரைக் கொடுத்தால் விவரம் வந்துவிடும். உங்கள் கண்டுபிடிப்பைச் சொந்தச் சொற்களில் புதிதாக எழுதுவதற்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. இந்த வழிகாட்டியில் நாம் செய்யப்போவது பெரும்பாலும் அதுதான்.

இதைவிடப் பெரிய விஷயம் பேட்டி கொடுத்தவர்களின் ஒப்புதல். ஆய்வுக்காக அவர்கள் கையெழுத்துப் போட்ட படிவம் யூடியூபுக்குப் பொருந்தாது. ஆய்வேட்டில் "தகவலாளர் 14" என்று இருந்தவர் வீடியோவில் முகத்தோடும் குரலோடும் ஊர்ப்பெயரோடும் வருவார். தண்ணீர்ப் பங்கீட்டில் எந்த வயலுக்கு முதல் முறை, யாருக்குக் கடைசி முறை என்பதெல்லாம் சாதியோடும் பழைய வழக்குகளோடும் பின்னிக் கிடப்பவை. நம்மை நம்பிச் சொன்ன ஒரு வாக்கியம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றினால், நாம் நகரத்தில் இருப்போம், அவர்தான் மறுநாள் அந்தக் கரையில் நடக்க வேண்டும்.

அதனால் நான் செய்வது இது. படம் பிடிக்கும் முன் ஒருமுறை கேட்பேன். வெட்டித் தொகுத்த பிறகு, ஏற்றுவதற்கு முன், அவர் வரும் பகுதியை என் கைப்பேசியில் அவருக்கே போட்டுக் காட்டுவேன். வீட்டில் உள்ளவர்களும் கூட இருந்து பார்த்தால் இன்னும் நல்லது. "இது வேணாம்" என்று சொன்னால், எவ்வளவு அருமையான பேச்சாக இருந்தாலும் வெட்டிவிடுவேன். ஒருமுறை 40 வினாடி போயிற்று. வீடியோவின் உயிரே அந்த 40 வினாடிதான் என்று அப்போது தோன்றியது. ஆனாலும் எடுத்தேன். அதே வீட்டுக்கு இன்னும் என்னால் போக முடிகிறது.

அகழாய்வுக்கு உட்படாத தொல்லியல் இடங்கள், அரிய பறவைகளின் கூடுகள் போன்றவற்றின் துல்லியமான இருப்பிடத்தை வெளியிட வேண்டாம். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும். கேமரா அமைப்பில் அதை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

உங்கள் பக்கத்தை மற்றவர்கள் பயன்படுத்தலாம் என்று நினைத்தால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கீழே குறிப்பிடுங்கள். நீங்கள் எடுத்த படங்கள் 2003-இலிருந்து வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவிலும் பயன்பட வேண்டுமானால் "சிசி பை-எஸ்ஏ" (பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர விடும் வகை) பொருந்தும்.

பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு

இது தமிழில் ஆய்வேடு எழுதியவர்களுக்கே உரிய தலைவலி. தட்டச்சு மையத்தில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்துக் கொடுத்திருப்பார்கள். அச்சில் அழகாக இருக்கும். அதை இணையப் பக்கத்தில் ஒட்டினால் "கண்மாய்" என்ற சொல் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும், பாமினி என்றால் மெய்யெழுத்தின் புள்ளி இருந்த இடத்தில் அரைப்புள்ளி நிற்கும். கூகுளுக்கும் அது தமிழாகத் தெரியாது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியை (யூனிகோடு) தர எழுத்துமுறையாக ஏற்றுக்கொண்டது. நம் கோப்புகள் இன்னும் வந்து சேரவில்லை.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் உண்டு. கோப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறதோ அதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் வேலை நொடியில் முடியும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். கோப்பில் இடையிடையே ஆங்கிலச் சொற்களும் ஆங்கில அடிக்குறிப்புகளும் இருந்தால் அவற்றை வெட்டித் தனியே வைத்துவிடுங்கள். கருவி அவற்றையும் தமிழ் என்று நினைத்துப் பொருளற்ற எழுத்துகளாக மாற்றிவிடும். என் அடிக்குறிப்புகள் முழுக்க அப்படிக் கெட்டுப்போய், இரண்டு வாரம் உட்கார்ந்து திரும்ப அடித்தேன்.

கோப்பே இல்லை, தாளில்தான் இருக்கிறது என்றால் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறவுங்கள். தமிழ் எழுத்துகளை ஓரளவு நன்றாகவே படித்துக் கொடுக்கும். காலும் ரகரமும் மாறியிருக்கிறதா, எண்கள் சரியா என்று மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்காமல் மட்டும் வெளியிடாதீர்கள்.

பக்கத்தை எழுதுவது

எந்தக் கருவி என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். வேர்ட்பிரஸ், பிளாகர், கூகுள் சைட்ஸ் மூன்றிலும் இலவசமாகத் தொடங்கலாம். எழுத்தில்தான் நேரம் போக வேண்டும்.

கேள்வி தலைப்பில் இருக்கிறது. பதில் முதல் மூன்று வரிக்குள் வந்துவிட வேண்டும். ஆய்வேட்டில் முடிவுரையில் இருப்பது இங்கே முன்னால் வரும். அப்புறம் அது எப்படித் தெரியவந்தது, எவ்வளவு உறுதி, முழு ஆய்வேடு எங்கே கிடைக்கும் என்பவை.

என் ஆய்வேட்டில் இருந்த வாக்கியம்: "நீர்நிலையின் உட்பகுதியில் நிறுவப்பட்ட கற்கட்டமைப்பின் வழியே பாசன நீர் வெளியேற்றம் ஒழுங்குபடுத்தப்பட்டமை அறியப்படுகிறது."

பக்கத்தில் அது இப்படி ஆயிற்று: "அந்த ரெண்டு தூணுக்கும் நடுவே, கண்மாயின் அடியில், கல்லில் ஒரு துளை இருக்கிறது. அதை ஓர் அடைப்புக்கல் மூடியிருக்கும். ஒருவர் தண்ணீருக்குள் போய் அதைத் தூக்கிவிட்டால், தண்ணீர் துளைக்குள் இறங்கி, கரைக்கு அடியில் ஓடும் கால்வாய் வழியாக வயல் பக்கம் வந்துசேரும்."

நீளம் கூடியிருக்கிறது, பரவாயில்லை. முதல் வாக்கியத்தில் ஆளே இல்லை. இரண்டாவதில் ஒருவர் தண்ணீருக்குள் இறங்குகிறார். உங்கள் வரைவில் "படுகிறது", "பட்டமை" எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் யார் செய்தார் என்று கேட்டால் வாக்கியம் தானாகத் திருந்திக்கொள்ளும்.

கலைச்சொற்கள் எல்லாவற்றையும் விரட்ட வேண்டும் என்பதும் இல்லை. கலிங்கு, மதகு, மடை, தூம்பு எல்லாம் ஊர்க்காரர்களின் சொற்கள். அவற்றை அவர்களிடம் கேட்டு எழுதிவந்த நான், ஆய்வேட்டில் கலிங்கை "உபரிநீர் வெளியேற்றி" ஆக்கிவைத்திருந்தேன். பக்கத்தில் கலிங்கு என்றே போட்டு, தெரியாதவர்களுக்காக "கண்மாய் நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம்" என்று ஒரு வரி சேர்த்தேன்.

சான்றைப் பொதுவாகச் சொல்லாமல் பொருளாகக் காட்டுங்கள். "சோழர் காலத்தில் ஏரிகள் நன்கு பராமரிக்கப்பட்டன" என்பது யார் மனதிலும் தங்காது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் இரண்டு, 919-ஐயும் 921-ஐயும் சேர்ந்தவை, ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலை முறையில் எடுத்ததைச் சொல்கின்றன என்று எழுதினால் படிப்பவர் அந்தச் சுவருக்கே போய்ப் பார்க்கலாம். கூடவே அதன் எல்லையையும் சொல்லிவிடுங்கள். அது ஒரு பிராமண ஊரின் சபை தனக்கு வகுத்துக்கொண்ட விதி. அதை வைத்து எல்லா ஊர் ஏரிகளும் அப்படித்தான் நடந்தன என்று சொல்ல முடியாது.

எவ்வளவு உறுதி என்று சொல்வதற்குத் தயங்கவே வேண்டாம், மக்கள் அதை விரும்பிக் கேட்கிறார்கள். கீழடியைப் பற்றிப் பேசும்போது நான் இதைக் கண்டிருக்கிறேன். "2,600 வருடப் பழமை" என்று நிறுத்தினால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். குழிக்குள் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு கரிமப் பொருளை அமெரிக்காவில் உள்ள ஆய்வகத்தில் சோதித்ததில் கிமு 580 என்று வந்தது, தமிழ்நாடு தொல்லியல் துறை அதை 2019-இல் வெளியிட்டது என்று சொன்னால் உடனே அடுத்த கேள்வி வரும்: "அதுக்கும் கீழே தோண்டினா?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் அவர் உங்கள் ஆய்வுக்குள் வந்துவிட்டார்.

இனிச் சில சின்ன வேலைகள். பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைத்தால், வாட்ஸ்அப்பில் பகிரும்போது பல இடங்களில் சதவீதக் குறிகளும் எண்களுமாக நாலு வரிக்கு நீளும், பார்ப்பவர் பயந்து தொடமாட்டார். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். படங்களை 200 கேபிக்குள் சுருக்குங்கள், கண்மாய்க் கரையில் சிக்னல் அவ்வளவுதான். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்லும் ஒரு வரி) எழுதுங்கள், தளத்தின் மொழி தமிழ் என்று அமைப்பில் குறியுங்கள். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் இவை இரண்டையும் நம்பித்தான் படிக்கும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஏதாவது ஒன்று போதும். நம் எழுத்தில் மேலே கொக்கியும் கீழே சுழியும் இருப்பதால் வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடம் விடுங்கள். கடைசியாக, பழைய கைப்பேசி ஒன்றில் வெயிலில் நின்று படித்துப் பாருங்கள்.

வீடியோ

பக்கம் எழுதி முடித்தபின் வீடியோவுக்கு வாருங்கள். பக்கம்தான் உங்கள் கதையின் எலும்பு. ஒரு கேள்விக்கு நான்கிலிருந்து ஆறு நிமிடம் போதும். பேசும் வேகத்தில் எனக்கு நிமிடத்துக்குச் சுமார் 100 சொற்கள் வருகின்றன, ஆகவே 500 சொற்களுக்குள் எழுதுவேன். எழுதியதை ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் எழுத்துத் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே மட்டும் பேச்சு வழக்குக்கு மாற்றுங்கள்.

கேமரா வாங்க வேண்டாம், கையில் இருக்கும் கைப்பேசி போதும். காசு இருந்தால் சட்டையில் மாட்டும் மைக் ஒன்று வாங்குங்கள். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்காவிட்டால் போய்விடுவார்கள். கண்மாய்க் கரை மேடு, மரமில்லாத இடத்தில் காற்று அடித்துத் தள்ளும். என் முதல் வீடியோவில் பெரியவர் பேசியது முழுக்கக் காற்றில் போயிற்று. கைப்பேசியின் சின்னத் திரையில் பார்த்தபோது தெரியவில்லை, வீட்டுக்கு வந்து இயர்போனில் கேட்டபோதுதான் தெரிந்தது. இப்போது மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, பேசுபவரைக் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, முதல் அரை நிமிடத்தை எடுத்ததும் அங்கேயே இயர்போனில் கேட்டுவிட்டுத்தான் தொடர்கிறேன். காலை ஏழு மணி வெளிச்சம் நல்லது, பத்துக்கு மேல் தண்ணீரின் பளபளப்பில் முகம் இருண்டுவிடும்.

கண்ணால் பார்க்க முடியாததைக் காட்டுவதற்குத்தான் வீடியோ. குமிழித் தூம்பின் வேலை முழுக்கத் தண்ணீருக்கு அடியில் நடக்கிறது. அனிமேஷன் செய்ய எனக்குத் தெரியாது. அடுக்களையில் இருந்த பெரிய கண்ணாடி டப்பா ஒன்றை எடுத்து, அடியில் துளையிட்டு, துளைக்குக் கீழே ஒரு குழாயைச் சொருகி மெழுகால் அடைத்தேன். துளையை மூட ஒரு ரப்பர் தக்கை, தக்கையில் குத்திய துடைப்பக்குச்சி. டப்பாவில் தண்ணீர் நிரப்பிக் கொஞ்சம் மஞ்சள்தூள் கரைத்தேன். குச்சியை மேலே இழுத்ததும் நீர் சுழன்று இறங்கி, குழாயின் மறுமுனையில் மஞ்சளாக வந்து கொட்டியது. அந்த 20 வினாடியைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள். உங்கள் ஆய்வில் அப்படிக் கையால் செய்து காட்டக்கூடியது ஒன்று கட்டாயம் இருக்கும், தேடுங்கள்.

சப்டைட்டிலை நீங்களே எழுதி எஸ்ஆர்டி கோப்பாக (எந்த வரி எந்த நேரத்தில் வர வேண்டும் என்று குறித்த உரைக்கோப்பு) ஏற்றுங்கள். காது கேளாதவர்களுக்கும் பேருந்தில் சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்கும் உதவும். உரை ஏற்கெனவே கையில் இருப்பதால் ஒரு மணி நேர வேலைதான். விளக்கப் பகுதியில் 0:00 என்று தொடங்கி, குறைந்தது மூன்று நேரக்குறிப்புகள் கொடுத்தால் யூடியூப் அவற்றை அத்தியாயங்களாகப் பிரித்துக் காட்டும். பின்னணிக்குத் திரைப்பாட்டு போடாதீர்கள், உரிமைப் புகார் வரும். யூடியூபின் சொந்த ஒலி நூலகத்தில் இலவச இசை இருக்கிறது. என்னைக் கேட்டால் தண்ணீர்ச் சத்தமே போதும். நீள வீடியோ முடிந்ததும் டப்பாச் சோதனை மாதிரி ஒரு துண்டை மட்டும் செங்குத்தாக வெட்டி ஷார்ட்ஸில் போடுங்கள். 2024 அக்டோபரிலிருந்து அதில் மூன்று நிமிடம் வரை இடம் உண்டு.

வெளியிட்ட பிறகு

இலவசத் தளங்கள் மூடப்படலாம், கடவுச்சொல் மறந்துபோகலாம். உரையின் பிடிஎஃப், படங்கள், வீடியோ மூலக்கோப்பு எல்லாவற்றையும் செனோடோவில் ஏற்றிவையுங்கள். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்துவது, 2013-இலிருந்து இயங்குகிறது, காசு கிடையாது. ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்றலாம். ஏற்றியதும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் ஒன்று கொடுக்கும், மற்ற ஆய்வாளர்கள் அதை வைத்து உங்கள் பக்கத்தை மேற்கோள் காட்டலாம். இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து ஒரு படியைச் சேமிக்கவும் மறக்காதீர்கள்.

திருத்தங்கள் வரும், வர வேண்டும். தூம்பில் நீர் போகும் துளையோடு சேறு போகவும் துளை உண்டு. முதல் பக்கத்தின் படத்தில் அவற்றை நான் இடம் மாற்றி வரைந்திருந்தேன். மதகு வேலை தெரிந்த ஒருவர் எழுதிச் சுட்டிக்காட்டினார். படத்தை மாற்றி, எந்தத் தேதியில் எது திருத்தப்பட்டது, யார் சொல்லித் திருத்தப்பட்டது என்று பக்கத்தின் அடியில் அவர் ஒப்புதலோடு எழுதினேன். சத்தமில்லாமல் மாற்றிவிடாதீர்கள்.

பரப்புவதற்கு நான் விளம்பரம் செய்ததில்லை. அந்த ஒன்றியத்துப் பள்ளி ஆசிரியர்கள் இருவருக்கு இணைப்பை அனுப்பினேன், அவர்கள் வழியாக வகுப்புக் குழுக்களுக்குப் போயிற்று. அப்புறம் கியூஆர் குறியீட்டை ஏ4 தாளில் பெரிதாக அச்சிட்டு, மேலே "நம்ம கண்மாய்க்குள்ள நிக்கிற ரெண்டு கல் எதுக்கு?" என்று எழுதி, லேமினேட் செய்து, கடைக்காரரிடம் கேட்டுக் கண்மாய்க் கரை டீக்கடையில் ஒட்டினேன். பெரியவர் அன்று அங்கேதான் இருந்தார். பேத்தி கைப்பேசியை நீட்ட, தன் குரலைக் கேட்டுவிட்டு, "கலிங்கு பத்தியும் சொன்னேனே, அது எங்க?" என்றார். அடுத்த பக்கத்தின் தலைப்பு அங்கேயே கிடைத்துவிட்டது.